தொடாத டேங்க்

ராணுவ ஏலத்தில் என் கணவர் எடுத்த பழைய பிக்கப் வண்டிக்கு இரண்டு டீசல் டேங்க். வாங்கும்போதே நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். ஆனால் அந்த இரண்டாவது டேங்க் மட்டும் எனக்குப் பிடித்துப்போனது. அதை வாய்வரை நிரப்பச் சொல்லி, அவசரத்துக்கு இருக்கட்டும், தொடக்கூடாது என்று உத்தரவு போட்டேன். நல்ல புடவையைக் கட்டாமல் பீரோவில் பூட்டி வைக்கிற புத்தி. ஒன்றரை வருடம் யாரும் தொடவில்லை.

சைனிக்புரி வீட்டில் நாங்கள் ஆர்டருக்குச் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். மாதாப்பூரில் ஒரு ஐ.டி. கம்பெனி முதல்முறையாக மதியச் சாப்பாடு சொல்லியிருந்தது. அன்று ஒழுங்காகப் பரிமாறினால் தினமும் எங்கள் சாப்பாடுதான். அதை நம்பி நான் டீச்சர் வேலையையே விட்டிருந்தேன். ஒரு மணிக்கு இலை போட்டாக வேண்டும்.

கிளம்பும்போது, "முன் டேங்க்ல கொஞ்சந்தான் இருக்கு, பங்க்ல நிறுத்தட்டுமா?" என்றார் என் கணவர்.

"அதான் இன்னொண்ணு நிறைய இருக்குல்ல. நேரமாகுது, போங்க."

திருமுல்கேரி வந்தபோது முன் டேங்க் தீர்ந்தது. சீட்டுக்கு அடியில் இருந்த வால்வைத் திருகிப் பின் டேங்குக்கு மாற்றினார். வண்டி கொஞ்ச தூரம் ஓடி, இருமி, நின்றுவிட்டது.

"டீசல் லைன்ல ஏர் புடிச்சிருக்கும்" என்று பானெட்டைத் திறந்தார். நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்திக் காற்றை வெளியேற்றினார். ஸ்டார்ட் ஆனது. நான் மூச்சு விடுவதற்குள் அணைந்தது. மூன்று தடவை இதே கதை. பின்னால் சாம்பார் அண்டா வெயிலில் நின்றது. எனக்குள் இருந்தது பயம். வெளியே வந்ததென்னவோ கோபம்.

"அப்பவே சொன்னேன். காயலான் கடைச் சரக்கை ஏலம் எடுத்தா இப்படித்தான்."

"கொஞ்சம் சும்மா இரு" என்றார், தலையைத் தூக்காமல்.

பிறகு ஃபில்டருக்கு வரும் டியூப்பைக் கழற்றி, என் தண்ணீர் பாட்டிலைக் காலிசெய்து அதில் டீசலைப் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். மேலே டீசல். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குத் தண்ணீரும் துருவும். தேய்ந்த மூடி வழியாக ஒரு மழைக்காலமே உள்ளே இறங்கியிருந்தது. அவ்வப்போது ஓட்டியிருந்தால் எப்போதோ தெரிந்திருக்கும். அதை அவர் சொல்லவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

ஆட்டோவில் போய் கேனில் டீசல் வாங்கி வந்தார். முன் டேங்கில் ஊற்றி, ஃபில்டரைக் கழுவி, மறுபடி காற்றை எடுத்தார். என் செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கத் தைரியம் இல்லை.

மாதாப்பூர் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டு. பெரும்பாலானோர் வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டார்கள். மேனேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கணவர் முந்திக்கொண்டு இந்தியில் சொன்னார்: "வண்டியைச் சரிபார்க்காம எடுத்துட்டு வந்துட்டேன் சார். தப்பு முழுக்க என்னுது. இவங்க பதினோரு மணிக்கே சமைச்சு முடிச்சுட்டாங்க."

மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். என்னைப் பார்த்த பார்வையில் இரக்கம் இருந்தது. "திங்கட்கிழமை இன்னொரு வாய்ப்பு தரேன் மேடம். ஆனா இவரையும் இந்த வண்டியையும் நம்பாதீங்க. வேற ஏற்பாடு பண்ணிக்கோங்க."

இல்லை, தப்பு என்னுடையது என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். சொன்னால் திங்கட்கிழமை வாய்ப்பும் போய்விடும் என்று பயந்தேன்.

"சரி சார், பண்ணிக்கறேன்" என்றேன். என் கணவர் யாரும் தொடாத சாம்பார் அண்டாவைத் தனியாகத் தூக்கி மறுபடி வண்டியில் ஏற்றினார்.