அண்ணாச்சி வீட்டு பிரிட்ஜும் அம்மா குடுத்துவிட்ட புளிக்குழம்பும்

போடியில அந்த வீட்டு பிரிட்ஜைத் தொறந்தா மொதல்ல ஏலக்காய் வாசந்தேன் மூஞ்சில அடிக்கும்...

வீட்டுக்கார அண்ணாச்சிக்கு பஜார்ல ஏலக்காய் கடை. ஒடஞ்சது, வெளிறுனது எல்லாத்தையும் வெள்ளத்துணியில முடிஞ்சு, அவுக சம்சாரம் சரசக்கா பிரிட்ஜ் மூலையில போட்டு வச்சிருப்பாக. பாட்டில் தண்ணியில கூட லேசா மணக்கும்.

நான் அந்த வீட்டுப் பின்கட்டு ரூம்ல வாடகைக்கு இருந்தேன். பக்கத்து ஸ்கூல்ல மொத வேலை. சொந்த ஊரு அனுமந்தன்பட்டி. எங்கப்பா அரை மனசாத்தேன் அனுப்பி வச்சாக. "தங்குற எடத்துல சின்னப் பிரச்சனைன்னு காதுல விழுந்தாலும் சரி... வேலையும் வேணாம் ஒண்ணும் வேணாம், வீடு வந்து சேரு"ன்னு சொல்லித்தேன் பஸ் ஏத்துனாக. போனா அடுத்து கல்யாணந்தேன். மாப்பிள்ளை போட்டோ கூட ரெடி. ஸோ, அந்த ரூம் போச்சுன்னா என் வேலையும் போச்சு.

கார்த்திகை பொறந்துச்சு. அண்ணாச்சி சபரிமலைக்கு மாலை போட்டாக. அன்னையிலருந்து அவுக அண்ணாச்சி இல்ல, சாமி.

அக்கா வீடு பூரா கழுவிவிட்டு, பிரிட்ஜையும் ஆப்பசோடா போட்டுத் தொடச்சாக. "மேரி, மாலை கழட்டுற வரைக்கும் கவுச்சி மட்டும் வாசப்படி தாண்ட வேணாம்த்தா. மத்தபடி ஓன் டப்பாவ எப்பவும் போல வச்சுக்க"ன்னாக. எனக்கென்ன வந்துச்சு... சரின்னுட்டேன்.

ஒரு ஞாயித்துக்கெழம சர்ச் பூசைக்கு ஊருக்குப் போயிட்டு வந்தேன். அம்மா ஒரு தூக்குவாளியில புளிக்குழம்பு குடுத்துவிட்டுச்சு. வெறும் கத்திரிக்கா. அதக் கொண்டாந்து பிரிட்ஜுல வச்சேன்.

ரெண்டு நாள்தேன். நாத்தம்னா நாத்தம்... கதவத் தொறந்தா கொடலப் பெரட்டுது. ஏலக்காய் வாசம் எங்கிட்டுப் போச்சுன்னே தெரியல.

அக்கா கண்ணு நேரா என் தூக்குவாளிக்குத்தேன் போச்சு. நானே மூடியத் தொறந்து காமிச்சேன். "வெறும் கத்திரிக்காதேன்க்கா." மோந்து பாத்துட்டு "ம்ம்"ன்னாக. அந்த "ம்ம்"ல நம்பிக்கையே இல்ல.

எனக்கே டவுட் வந்துருச்சு, அதுதேன் கொடுமை. அந்த வாளியில அம்மா எத்தன தடவ மீன் குழம்பு ஊத்தியிருக்கும்... குழம்பக் கொட்டிட்டு, புளி போட்டுத் தேச்சேன், சாம்பல் போட்டுத் தேச்சேன், வெயில்ல கவுத்தேன். வாளி வெளிய வந்த பெறகும் நாத்தம் போகல.

அன்னைக்குச் சாயங்காலம் சாமி அடுப்படியில அக்காட்ட சொன்னது எனக்கும் கேட்டுச்சு. "விரத வீடு. அந்தப் புள்ளைய வேற எடம் பாத்துக்கிறச் சொல்லிரு."

சத்தம் போடல. மெதுவாத்தேன் சொன்னாக. கோவத்துல சொன்னா மறுநா மாறும். இது மாறாது.

அக்காதேன், "எதுக்கும் ஒருக்கா எல்லாத்தையும் எறக்கிக் கழுவிருவோம். அப்பறமாப் பேசுங்க"ன்னாக.

மறுநா லீவு. ஸ்விட்ச ஆஃப் பண்ணி, ஃப்ரீசர்ல கல்லு மாதிரி கெடந்த ஐஸ உருகவிட்டோம். தட்டெல்லாம் உருவி, வெதுவெதுப்பான தண்ணியில ஆப்பசோடா கரைச்சு தேச்சோம். கதவு ரப்பர் மடிப்புல பழைய பிரஷ்ஷ விட்டு நோண்டுனேன். காஞ்ச துணிய வச்சு ஒத்தி எடுத்தோம். எல்லாம் பளிச்சுன்னு இருக்கு... நாத்தம் மட்டும் அங்கனயே நிக்கிது. எனக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. சாமி வீட்ல நின்னுக்கிட்டு மாதாவக் கூப்புட்டேன்.

"பின்னாடி ஒட்டடை இருக்கும், கொஞ்சம் இழு"ன்னாக அக்கா. செவுத்துலருந்து ரெண்டு பேருமா இழுத்தோம். கீழ, கம்ப்ரஸர் மேல, ஒரு பிளாஸ்டிக் தட்டு. ஐஸ் உருகுன தண்ணி உள்ள இருக்குற ஓட்டை வழியா வந்து விழுகுற தட்டு. அப்படி ஒண்ணு இருக்குறதே எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது.

அது நெறையப் பால்... திரிஞ்சு, கட்டி கட்டியா, மஞ்சப் பூத்து, சூட்டுல புளிச்சுப்போயி.

அக்கா முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு நின்னாக. "அய்யய்யோ மேரி... பூசைக்கு வாங்குன பால் பாக்கெட்டு ஓட்டையாகி உள்ள கொட்டிக் கெடந்துச்சுல்ல. நான் மேலாப்புல தொடச்சுவிட்டுட்டேன்." மிச்சம் ஓட்டை வழியா பின்னாடி எறங்கியிருக்கு.

சாமி பூசைக்கு வாங்குன பால். எங்கம்மா குழம்பு இல்ல.

அப்ப ஒரு மூச்சு விட்டேன் பாருங்க... தரையிலயே உக்காந்துட்டேன். சிரிப்பும் வருது, கண்ணுல தண்ணியும் வருது. அக்கா பக்கத்துல உக்காந்து, "ஆத்தா, ஒன்னையப் போயி..."ன்னு பாதியில நிறுத்திட்டாக.

அந்தத் தட்ட அக்கா கழுவல. சாமி மதியம் வந்ததும் அவுக முன்னாடி கொண்டாந்து வச்சு, நடந்ததச் சொன்னாக. சாமி குனிஞ்சு பாத்தாக. அப்படியே கடைக்குக் கெளம்பிட்டாக. ரூம் போச்சுன்னுதேன் நெனச்சேன்.

சாயங்காலம் வந்து, அக்கா கையில ஒரு துணி முடிச்சக் குடுத்தாக. நல்ல பச்ச ஏலக்காய், முழுசு முழுசா. கழிவு இல்ல, விக்கிற சரக்கு. "ரெண்டாவது தட்டு இனிமே மேரிக்கு. இத அங்கன வையி"ன்னாக. என் மூஞ்சியப் பாக்கல. மன்னிப்புன்னு வாயத் தொறந்து கேக்கவும் இல்ல. எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு. அன்னைக்குத்தேன் நிம்மதியாச் சாப்பிட்டேன்.

இப்ப தேனியில சொந்த வீடு. பெரிய டபுள் டோர் பிரிட்ஜ், ஐஸே கட்டாது. வாடை போகன்னு ஆன்லைன்ல என்னென்னமோ விக்கிறாக. நான் இன்னமும் ஏலக்காய் முடிச்சுத்தேன். பின்னாடி இருக்குற தட்ட அப்பப்ப டார்ச் அடிச்சுப் பாப்பேன், எங்க வீட்டுக்காரக சிரிப்பாக. அவுகளுக்கு என்ன தெரியும்... அப்ப அந்தச் சின்ன பிரிட்ஜுல ரெண்டு வீட்டுச் சாப்பாடு இருந்துச்சு. இப்ப இம்புட்டுப் பெருசுல பாதி சாஸ் பாக்கெட்டுதேன் கெடக்கு.

போன வாரம் மாடியில வாடகைக்கு இருக்குற புள்ள ஒரு டப்பாவோட வந்து நின்னுச்சு. "அக்கா... இத உங்க பிரிட்ஜுல வைக்கலாமா... இது வந்து..."ன்னு இழுத்துச்சு.

என்னன்னு நான் கேக்கல. ரெண்டாவது தட்டக் காலி பண்ணிக் குடுத்தேன்.