அக்காவின் தொகுதி

என் அக்கா அமெரிக்காவில் ஒரு மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தாள். கல்யாணமாகிப் போனவள் அங்கே ஒரு நூலகத்தில் வேலை பார்த்தாள். நூலகத்தை மூடப் போகிறோம் என்றார்கள். ஊர்க் கூட்டத்தில் எழுந்து கூடாதென்று பேசினாள். நன்றாகப் பேசுகிறாளே என்று அவளையே தேர்தலில் நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

முதல் தடவை தோற்றாள். அடுத்த தடவை பனியில் வீடு வீடாக நடந்தாள்.

"ஒருத்தர் கதவைத் திறந்து, உன் ஊருக்கே திரும்பிப் போன்னார்டி. எங்க ஊர் ஸ்ரீரங்கம், இப்ப அங்க வெயில் ஜாஸ்தின்னேன்" என்று போனில் சொன்னாள்.

"சிரிச்சாரா?"

"கதவைச் சாத்திட்டார்."

இந்தத் தடவை ஜெயித்தாள். தெருவில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தேன். எதிர்வீட்டு மாமி வாங்கிக்கொண்டு, "அங்க நம்ம கட்சியிலதானே நின்னா?" என்று கேட்டார்.

மறு வருஷம் லீவில் வந்தாள். எங்கள் வீட்டில் வேலை செய்பவரின் நாத்தனார் முசிறிப் பக்கத்திலிருந்து அவளைத் தேடி வந்தார். காலையில் திருச்சி போகும் பஸ் அவர்கள் ஊரில் நிற்பதில்லை. மகளுக்குக் காலேஜில் தினமும் முதல் வகுப்பு போய்விடுகிறது.

"நான் இங்க எம்.எல்.ஏ. இல்லைங்க" என்றாள் அக்கா.

"தெரியுங்கம்மா. எங்க இருந்தாலும் எம்.எல்.ஏ.தானேங்க."

அக்கா நோட்டை எடுத்து ஒரு மணி நேரம் எழுதிக்கொண்டாள். மறுநாள் விடியும்போதே என்னையும் இழுத்துக்கொண்டு அந்த ஊருக்குப் போனாள். ஸ்டாப்பில் கூட்டம் இருந்தது. பஸ் வந்ததும் அக்கா முன்னால் போய்க் கை காட்டினாள். நிற்காமல் போயிற்று.

"பாத்தியா, நான் கை காட்டியும் நிக்கலை" என்றாள். நிஜமாகவே கோபம்.

அங்கேயே மனு எழுதினாள். அவள் சட்டம் இயற்றுகிறவள். நான் தமிழ் வாத்தியார். நாலு இடத்தில் ஒற்று விட்டிருந்தாள், போட்டுக் கொடுத்தேன். காத்திருந்த எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். திங்கட்கிழமை மனு வாங்கும் கூட்டத்தில் அந்த அம்மாவும் மகளும் போய்க் கொடுத்தார்கள். அக்கா திரும்பிப் போய் ஒரு மாதம் கழித்து பஸ் நிற்க ஆரம்பித்தது. அந்த அம்மா ஒரு வாழைத்தார் கொண்டுவந்து இறக்கினார். நான் தனி ஆள். தெரு முழுக்கக் கொடுத்தும் தீரவில்லை.

அதற்கடுத்த தேர்தலில் அக்கா தோற்றுப்போனாள்.

"தோத்துட்டேன்டி."

"சாப்ட்டியா?" என்றேன்.

"இல்லை. தொகுதி முழுக்க என் பேர் போட்ட போர்டு நட்டு வெச்சிருக்கு. எல்லாத்தையும் நானேதான் பிடுங்கணும். மழை வேற."

போனை வைத்த பிறகு எனக்குத்தான் அழுகை வந்தது. அவளும் அத்திம்பேரும் காரில் போய் இரண்டு நாள் பிடுங்கினார்கள். தோள்பட்டை வலிக்கிறது என்றாள். தைலம் தேய்த்துக்கொள்ளச் சொன்னேன்.