இரண்டாவது கோடு

மகள் எம்.இ. படித்த கல்லூரியின் ஆய்வகத்துக்கு நான் போனது அதுதான் முதல் முறை. மேலூர் பக்கம் கல் குவாரியில் வலது முன்கை பாதி போனதிலிருந்து, மிச்சத்தைத் துண்டால் மூடாமல் நான் வெளியே இறங்கியதில்லை.

"துண்டை எடுங்கப்பா. இங்க யாரு பாக்கப் போறா?"

வலது கையின் மிச்சத்தில் பொட்டு மாதிரியான வில்லைகளை ஒட்டி ஒயர் மாட்டினாள். இல்லாத விரல்களை மடக்குவதாக நினைக்கச் சொன்னாள். சதை அசையும்போது அதில் துளி மின்சாரம் பிறக்குமாம். திரையில் அது நடுவிலிருந்து மேலும் கீழும் துடிக்கும். கீழே போவதையும் மேலே திருப்பிவிட்டால்தான், எவ்வளவு மடங்க வேண்டும் என்பது செயற்கைக் கைக்குத் தெரியும். அப்படித் திருப்புகிற ரெக்டிஃபையர் சர்க்யூட்டை ஒரு சிப்புக்குள் அடங்கும்படி கம்ப்யூட்டரில் வரைவதுதான் அவள் வேலை. வழக்கமாக அதற்குப் போடும் டயோடு சின்னத் துடிப்புகளை விழுங்கிவிடும். இவளுடையது எதையும் விழுங்கக் கூடாது.

திரையில் இரண்டு கோடுகள். முதலாவது என் சதையின் துடிப்பு, மெலிதாக நடுங்கியது. இரண்டாவது, அவள் சர்க்யூட் தருவது. அது படுத்தே கிடந்தது.

"அப்பா, இன்னும் கொஞ்சம் நல்லா மடக்குங்க" என்றாள் அவளுடைய தோழி.

"கை இருந்தப்பவே இம்புட்டு மெனக்கெட்டதில்லம்மா."

தோழி சிரித்துவிட்டாள். மகள் சிரிக்கவில்லை. "அவர விடுடி. அவருக்கு அம்புட்டுத்தான் வரும். என் சர்க்யூட்டுதான் அதப் பாக்கணும்."

சதை செத்துப்போயிருக்குமோ என்று எனக்குள் ஓடியது. அப்படியானால் எந்தக் கையை மாட்டினாலும் அசையாது. அந்நேரம் அவளுடைய பேராசிரியை உள்ளே வந்தார். பதறி எழுந்து கும்பிட்டேன். ஒயர் இழுத்தது. "உக்காருங்க, உக்காருங்க" என்றார்.

அதன்பிறகு பல மாதங்கள் உசிலம்பட்டி டவுன் பஸ்ஸில்கூட அவள் காகிதத்தில் எதையோ வரைந்து அடித்துக்கொண்டிருந்தாள். "ஒரு பக்கம் சரியாக்குனா இன்னொரு பக்கம் கெட்டுப்போகுதுப்பா" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். முதல் கோட்டில் அதே நடுக்கம். அதன் கீழே இரண்டாவது கோடு சிறு மேடாக எழுந்து, மெல்ல இறங்கியது.

"இது எப்ப மடக்குனதும்மா?"

"மடக்குனது இல்லப்பா. அன்னைக்கு மேடம் வந்தப்ப கும்பிட்டீங்கள்ல, அது. ரெக்கார்டிங்க நான் நிறுத்தல. பழைய சர்க்யூட் அதையும் முழுங்கிருச்சு, புதுசு முழுங்கல."

இடது கையை மட்டும் தூக்கியதாகத்தான் எனக்கு நினைவு. யாரைக் கும்பிட்டாலும், ஒற்றைக் கை என்று கூசிப் பாதியிலேயே இறக்கிவிடுவது என் வழக்கம். ஒயர் மாட்டியிருந்த மற்றதும் கூடவே எழுந்திருக்கிறது.

"இன்னும் சிப்பே செய்யலப்பா. கை வர நாளாகும்."

"ஆகட்டும்" என்றேன். "அந்தக் கோட்ட இன்னொரு தடவ காட்டு."