மச்சானும் ஒரு விரால் குடும்பமும்

என் அக்கா புருஷனுக்கு ஏரிக்கரையில் 'முதல் கை' என்று பெயர். எந்தக் கூட்டமானாலும் கேள்வி முடியும் முன்பே கை தூக்கிவிடுவார். அக்காவைக் கட்டிக்கொள்ளவும் அப்படித்தான், எங்கள் அப்பா கேட்டு முடிப்பதற்குள் சம்மதம் சொன்ன மனிதர். மீனவர் சங்கத்துப் படகுகளைப் பழுதுபார்ப்பது அவர் தொழில். ஏரியில் ஜிலேபி மீனை விடலாமா என்று சங்கம் கேட்டபோதும் முதல் கை அவருடையதுதான். சீக்கிரம் வளரும், வருஷம் முழுக்கக் குஞ்சு பொரிக்கும் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? டிரம்மைச் சாய்த்துக் குஞ்சுகளை ஏரியில் கொட்டியதும் அவரேதான்.

அதற்கப்புறம் ஏரியில் காலங்காலமாக இருந்த விரால் மீன் குறைய ஆரம்பித்தது. விரால் கரையோரத்துப் பாசியை வட்டமாக விலக்கி முட்டையிடும். அதே ஆழமில்லாத இடத்தில் ஜிலேபி குழி பறித்துக் குடியேறியது, முட்டைகளையும் மேய்ந்தது.

"ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரிய விரட்டின கதைதான்" என்று அக்கா சோறு போடும்போதெல்லாம் குத்திக் காட்டுவாள். ஊர் முழுக்கப் பேசுகிற மச்சான் அந்த நேரத்தில் மட்டும் தட்டைப் பார்த்தபடி சாப்பிடுவார்.

ஒருவழியாகச் சங்கத்தோடு மல்லுக்கட்டி ஏரியின் ஒரு மூலையை வாங்கி, வலை கட்டி அடைத்தார். உள்ளே இருந்த ஜிலேபிகளை இழுவலை போட்டு எடுத்துவிட்டு ஒரு ஜோடி விராலை விட்டார். இந்தப் பருவத்தில் குஞ்சு தேறாவிட்டால் அடைப்பைப் பிரித்துவிடுவோம் என்று தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார். ஏரியில் விரால் முட்டையிட வேறு இடம் மிச்சமில்லை.

இரண்டு மாதத்தில் குஞ்சு பொரித்தது. செக்கச்செவேலென்று ஒரு கொத்து நீர்மட்டத்தில் நகர, அதற்கு அடியில் ஆண் விரால் காவல் வந்தது. மச்சான் ஒரு வாரம் தரையில் நடக்கவில்லை.

பிறகு ஒரு காலையில், நான் பலகை சீவிக்கொண்டிருந்த படகுக் கொட்டகைக்குள் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"அடைப்புக்குள்ள ஜிலேபி இருக்குடா மாப்ளே."

"வலை கிழிஞ்சிருக்கா?"

"வலை நல்லாத்தான் இருக்கு. நான்தான் விட்டிருக்கேன்."

ஜிலேபித் தாய் குஞ்சுகளை வாய்க்குள் வைத்துக் காப்பாற்றும். பயந்தால் துப்பிவிடும். அன்றைக்கு இவர் அவசரத்தில், பிடித்த மீன்களைக் கரைக்குக் கொண்டுவராமல் தண்ணீருக்கு மேலேயே உதறி உதறிக் கூடையில் போட்டிருக்கிறார். ஒவ்வொரு உதறலுக்கும் அடைப்புக்குள் குஞ்சு விழுந்திருக்கிறது. அவை இப்போது உள்ளங்கை அளவு வளர்ந்து, சிவப்புக் கொத்தைச் சுற்றி வந்து ஓரத்துக் குஞ்சுகளைக் கவ்விக்கொண்டிருந்தன. காவல் விரால் ஒரு பக்கம் பாய்ந்தால் மறுபக்கம் நுழைந்தன.

மறுபடி இழுவலை போட்டால் காவல் விராலும் அதில் வந்துவிடும். போடாவிட்டால் சாயங்காலத்துக்குள் கொத்து காலி. எனக்கு வந்த கோபத்தில் மனிதரை அந்தத் தண்ணீரிலேயே தள்ளியிருப்பேன்.

வீடு கொட்டகைக்குப் பின்னால்தான். அடுப்படியிலிருந்தே எல்லாவற்றையும் கேட்டுவிட்ட அக்கா, பிசைந்த கோதுமை மாவோடு வந்தாள்.

"மாவுக்கு ஜிலேபி வரும், விரால் வராது. ரெண்டு பேரும் தூண்டில எடுங்க. இந்தத் தடவையாச்சும் உதறாம கரைக்குக் கொண்டாங்க."

ஒவ்வொன்றாகப் பிடித்தோம். தூண்டிலில் மாட்டியதை வாயைப் பொத்தித் தூக்கிவந்து வாளியில் போட்டோம். வாளி நிறைந்தது, கொத்தும் சிறுத்துக்கொண்டே வந்தது. மச்சானுக்குப் பொறுக்கவில்லை. கொத்தை ஒட்டியே மேய்ந்த பெரிய ஜிலேபிக்குக் குறிவைத்தார்.

"அங்க வேணாம் மச்சான், காவல் நிக்குது."

"அது மாவத் தொடாதுடா."

பசிக்குத் தொடாதுதான். ஆனால் குஞ்சுக்குக் கிட்டே எது விழுந்தாலும் விரால் சும்மா விடுமா? தண்ணீர் பிளந்தது, கம்பு வில்லாக வளைந்தது. மாட்டியது ஆண் விரால்.

மச்சான் அப்படியே தண்ணீருக்குள் இறங்கினார். அதன் வாயிலிருந்து தூண்டில் முள்ளை எடுத்தார். விரால் அவர் பிடியிலிருந்து வழுக்கி ஆழத்துக்குள் போய் மறைந்தது. அநாதையாக நின்ற கொத்தை நோக்கி ஜிலேபிகள் நாலா பக்கமிருந்தும் நெருங்கின.

அவர் கரையேறவில்லை. கொத்துக்குப் பக்கத்தில் இடுப்பளவு நீரில் நின்று, இரண்டு கையாலும் தண்ணீரை அடித்து ஜிலேபிகளை விரட்டினார். குஞ்சுகள் பயந்து முழுகும், மூச்சுக்கு மேலே வரும், மறுபடி முழுகும்.

"வெளிய வாங்க" என்றாள் அக்கா.

"அப்பன் வர்ற வரைக்கும் நிக்கறேன்."

"வரலன்னா?"

அவர் தண்ணீரை அடித்தபடியே அழுதுகொண்டிருந்தார். எனக்கே பாவமாக இருந்தது, இத்தனைக்கும் கோபம் தீரவில்லை.

வெயில் உச்சிக்கு ஏறியது. திடீரென்று மச்சான் வலியில் கத்தி, ஒற்றைக் காலில் துள்ளினார்.

"கடிச்சுட்டான். தொடையில கடிச்சுட்டான்டி."

அழுத கண்ணோடு சிரித்தார். கொத்துக்கு அடியில் கறுப்பு முதுகு ஒன்று தெரிந்தது. ஜிலேபிகள் சிதறி ஓடின.

"என்னையும் ஜிலேபின்னு நெனச்சுட்டான்."

"தப்பா ஒண்ணும் நெனைக்கலியே" என்றாள் அக்கா. ரத்தம் வடிய அவர் பின்னுக்கு நகர்ந்து கரையேறியதும், அவர் போட்டுவிட்டுப் போன தூண்டிலை எடுத்து, மாவை உருட்டி, கொத்திலிருந்து தள்ளித் தானே போட்டாள்.