ஹோர்னை மட்டும் நான் தொடவில்லை

பழைய பைக்கை வெட்டி ஒட்டி அழகு பார்க்கிறவர்களை இந்தப் பக்கத்தில் எத்தனை தரம் திட்டியிருக்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

என்னுடைய சிடி 125 பைக் கொக்கட்டிச்சோலையில் ஒரு மீன் வியாபாரியிடம் வாங்கியது. வாங்கிய அன்றே பின்னால் இருந்த மீன் பெட்டியைக் கழற்றி எறிந்தேன். கொம்பனியில் இருந்து வந்த மாதிரியே ஆக்க எட்டு மாதம் பிடித்தது. ஹோர்னை மட்டும் தொடவில்லை. அந்தக் கரகரத்த சத்தம் பைக்கோடு பிறந்தது என்று நம்பியிருந்தேன்.

இன்று காலை அதே ஊருக்கு முதல் ஓட்டம். பின்னால் ஏறியிருந்தது நண்பன் சுதன். தன் பைக்கின் சீற்றைப் பாதியாக வெட்டிய மகாபாவி.

ஒழுங்கையில் ஓர் ஆடு குறுக்கே நின்றது. இரண்டு தரம் ஹோர்ன் அடித்தேன்.

ஆடு அசையவில்லை. மூன்று வீட்டுப் படலைகள் திறந்தன. எங்கிருந்தோ இரண்டு பூனைகள் வந்து பின் சில்லைச் சுற்றின.

ஓர் அக்கா சட்டியோடு வந்தார். "இவ்வளவு நாளும் எங்க போன நீங்க? கணையான் மீன் இரிக்கா?"

"இல்ல அக்கா, நான் மீன்காரன் இல்ல."

"அப்ப என்னத்துக்கு மீன் ஹோன் அடிக்கிற?"

அந்த ஹோர்னை மீன் வியாபாரிதான் வாங்கிப் பூட்டினாராம். ஊருக்கே தெரிந்திருக்கிறது.

சுதன் சும்மா இருப்பானா? "இது ஒறிஜினல் பைக் அக்கா!"

அக்கா பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "பொய் சொல்லாத தம்பி. ஒறிஜினலுக்குப் பின்னால பெட்டி இரிந்தது."

யாரிடமாவது பழைய மீன் பெட்டி இருந்தால் கீழே சொல்லுங்கள். ஒறிஜினலாக இருக்க வேண்டும்.