சம்மனசின் தலையில் வலை முடிச்சு

கெளுத்தி மீன் செத்த பிறகும் பழி வாங்கும். என் மனைவி மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது ஒரு கெளுத்தியின் முள் அவளுடைய வலது உள்ளங்கையில் இறங்கிவிட்டது. கை வீங்கி, பெரியாஸ்பத்திரியில் கீறிக் கட்டுப்போட்டு, அசைக்கவே கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். முள் குத்தியது அவளுக்கு. நொந்தது எனக்கு.

குருநகரில் நல்ல சனம் உண்டு. சோறும் கறியும் பக்கத்து வீடுகளிலிருந்து வந்தன. ஆனால் விடிந்தால் ஒவ்வொரு பெண்ணுக்கும் தன் வீட்டுத் தலைகளே போதும். எங்கள் வீட்டில் இரண்டு தலைகள் இருந்தன. இரண்டும் என் இடுப்பளவு உயரம். பள்ளிக்கூட வாசலில் சிஸ்டர் நின்று பார்ப்பார். மயிரை இரட்டைப் பின்னலாகப் பின்னி, மடித்து, காதுக்குப் பின்னால் ரிபன் கட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளை வாசலிலேயே நிற்க வேண்டியதுதான்.

இரவு முழுக்கக் கடலில் கிடந்துவிட்டு வருகிறவனுக்கு விடியற்காலையில் ஒரே ஓர் ஆசைதான். பாயில் விழ வேண்டும். பாய்க்குப் பதிலாக எனக்குச் சீப்பு கிடைத்தது.

கையை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். மீன் மணம் போனது; உப்பு வெடிப்புப் போகவில்லை. விரலில் இருந்த வெடிப்பெல்லாம் பிள்ளையின் மயிரைப் பிடித்து இழுத்தது. மனைவி மர வாங்கில் இருந்தபடி, கட்டுப்போட்ட கையை ஆசீர்வாதம் கொடுக்கிற சுவாமியாரைப் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கட்டளை போட்டாள்.

"இஞ்சேருங்கோ, அது பிள்ளையின்ரை தலை. நங்கூரக் கயிறில்லை. மெல்ல இழுங்கோ."

"நான் மெல்லத்தான் இழுக்கிறன். உன்ரை மோள்தான் மற்றப் பக்கம் இழுக்கிறாள்."

"அப்பு, எனக்குக் கண்ணை மூடேலாமல் கிடக்கு," என்றாள் மூத்தவள்.

அவளைத் திருப்பிப் பார்த்தேன். பின்னலை இறுக்கிய இறுக்கில் பிள்ளையின் புருவம் நெற்றியின் நடுவுக்கு ஏறியிருந்தது. பேயைக் கண்டவள் போல அன்று முழுவதும் முழித்துக்கொண்டு படித்திருப்பாள்.

மத்தியானம் வந்து சொன்னாள்: "அப்பு, ஆர் பின்னினதெண்டு சிஸ்டர் கேட்டவ. எங்கடை அப்பு எண்டன். நாளைக்கும் அவரையே பின்னச் சொல்லு, ஒரு மயிரும் அவிழேல்லை எண்டவ."

இந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது. நான் அரிவரி வகுப்போடு கடலுக்கு ஓடியவன். என்னை எந்தப் பள்ளிக்கூடமும் அதுவரை மெச்சியதில்லை. அன்று பின்னேரம் தோணியடியில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போனேன். விசயம் எனக்கு முன்னமே அங்கே போய்விட்டது.

"அண்ணை, ரிபன் கொண்டந்தனீங்களோ? என்ரை மீசையையும் ஒருக்காப் பின்னிவிடுங்கோவன்," என்றான் தோணியின் முன்பக்கம், அணியத்தில் இருந்த பெடியன்.

"உன்ரை மீசைக்குச் சீப்புத் தேவையில்லை. துடைச்சால் போயிடும்," என்றேன். சிரித்தார்கள். எனக்குச் சிரிக்கவும் களைப்பாக இருந்தது.

இப்படியே நாட்கள் போயின. இரவில் வலை, காலையில் பின்னல், பகலில் அரை நித்திரை. சில வேளை வலையை இழுக்கும்போது அதற்கு எண்ணெய் வைக்கவில்லையே என்று தோன்றும்.

அப்போதுதான் கோயில் பெருநாள் வந்தது. மாதாவின் சொரூபம் வைத்த கூட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் சுற்றி வருவோம். கூட்டுக்கு முன்னால் சின்னப் பிள்ளைகள் வெள்ளை உடுப்பும் அட்டைச் சிறகும் போட்டுக்கொண்டு, சம்மனசுகளாக, தேவதூதர்களாக, பூ எறிந்தபடி நடப்பார்கள். போன வருசம் இளையவளைத்தான் சம்மனசுக்கு எடுத்தார்கள். சரியாக அந்தக் கிழமை பொக்குளிப்பான் போட்டுப் படுத்துவிட்டாள். சிறகு வேறு பிள்ளைக்குப் போனது. பாயில் கிடந்தபடி கூடு போகிற சத்தத்தைக் கேட்டு அழுதவள். இந்த வருசம் திரும்பவும் அவளை எடுத்திருந்தார்கள். கோயிலில் இருக்கிற சிறகு ஒரே அளவு. அடுத்த வருசம் அவள் வளர்ந்துவிடுவாள்.

சம்மனசுக்குச் சுருட்டை மயிர் வேண்டும் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். என் பிள்ளையின் மயிரோ தூண்டில் நூல் மாதிரி நேர். பெருநாளுக்கு முதல் நாள் பின்னேரம் மனைவி வழி சொன்னாள். மயிரை நனைத்து, சின்னச் சின்னக் கற்றையாகப் பிரித்து, முறுக்கி, சீலைத் துண்டில் சுருட்டிக் கட்டிவிட்டால் விடியச் சுருள் வந்துவிடும்.

"சும்மா பூ முடிச்சாப் போடுங்கோ. இழுத்தால் அவிழவேணும்," என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக் குளிசையின் மயக்கத்தில் போய்ச் சரிந்தாள்.

போட்டேன். பிள்ளை தலையைத் திருப்பினாள், முடிச்சு அவிழ்ந்தது. திரும்பவும் போட்டேன். தும்மினாள், அவிழ்ந்தது. இவள் விடியுமட்டும் உருளப் போகிறவள், சீலை நிற்குமா என்று யோசித்தேன். பெரிய மூளை. வலைக் கிழிசல் பொத்துகிற பருத்தி நூலை எடுத்தேன். எல்லாக் கற்றைக்கும் வலை முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் எழும்பினேன்.

வலை முடிச்சின் குணம் தெரியுமா? மீன் துள்ளத் துள்ள இறுகும். நனைய நனைய இறுகும். என் கை அதைப் பிறந்ததிலிருந்து போடுகிறது, அவிழ்த்ததே இல்லை. வலையில் போட்ட முடிச்சை எந்த மடையன் அவிழ்ப்பான்?

விடிய, கோயிலில் முதல் மணி அடித்தபோது மனைவி இடது கையால் ஒரு முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதென்ன?"

நான் எண்ணெய்ப் போத்தலைத் தேடினேன்.

"வலை முடிச்சோ?"

"ஓம்."

"மனுசன் போடுற முடிச்சே இது?"

"மனுசன்தான் போட்டவன். மீனுக்குப் போடுறது."

"உங்களை என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை. கோயிலுக்கு வெளிக்கிடுற நேரம் பகிடி வேறை!"

நூலை வெட்டிவிடலாம் என்று கத்தரிக்கோலை எடுத்தேன். அங்கேதான் அடுத்த வினை. அந்த நூல், உப்புத் தின்னாமல் இருக்க மரப்பட்டைச் சாயத்தில் அவித்து எடுத்தது. எது நூல், எது மயிர் என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே கறுப்பு. கத்தரிக்கோலைக் கண்டதும் இளையவள் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டாள்.

"வெட்டாதேங்கோ அப்பு! மொட்டைச் சம்மனசு இல்லை அப்பு!"

கத்தரிக்கோலை வைத்துவிட்டு அவளை மடியில் இருத்தினேன். முடிச்சில் எண்ணெய் தடவி, நகத்தால் நோண்டினேன். கண்ணால் பார்க்கப் பார்க்கக் குழம்பியது. கண்ணை மூடிக்கொண்டேன். இருட்டில் வலையைத் தடவிப் பழகிய விரல் நூலைக் கண்டுபிடித்தது.

"நித்திரையோ?" என்றாள் மனைவி.

"இல்லை. பாக்கிறன்."

பாதி நித்திரைதான். அவளுக்கு ஏன் சொல்ல வேண்டும்?

ஒரு முடிச்சு விட்டது. கற்றை பாம்புக்குட்டி போலச் சுருண்டு துள்ளியது. மூத்தவள் கை தட்டினாள். அடுத்தது. அதற்கடுத்தது. இடுப்பு விட்டுப்போனது, விரல் நுனி மரத்துப்போனது. இரண்டாம் மணி அடித்தபோது காதுக்குப் பின்னால் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தது. அது அசையவே இல்லை. மனைவி அதை இடது கையால் உள்ளே மடித்து, மேலே பூக்கிரீடத்தை வைத்து அழுத்தினாள். மூத்தவள் தங்கச்சியை இழுத்துக்கொண்டு ஓடினாள். மனைவியும் பின்னாலேயே போனாள்.

நானும் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கோயிலுக்குள் போகிற அளவுக்குக் காலில் சீவன் இல்லை. கூடு வருகிற ஒழுங்கையில், ஒரு மதிலோரம் குந்தினேன். இங்கே இருந்தால் முன்னால் வருகிற பிள்ளையை வடிவாகப் பார்க்கலாம்.

பிறகு யாரோ தோளைப் பிடித்து உலுக்கினார்கள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. முன்னால் ஒரு சம்மனசு நின்றது. ஒரு சிறகு சரிந்து, சுருளெல்லாம் வேர்வையில் கழுத்தோடு ஒட்டி.

"கூடு வருகுதோ?" என்று கேட்டேன்.

"அது போயிட்டுது அப்பு. வாயைத் திறந்துகொண்டு கிடந்தீங்கள். நான் உங்களுக்கு மேலைதான் கனக்கப் பூ எறிஞ்சனான். எழும்பேல்லை."

மடியைப் பார்த்தேன். செவ்வரத்தை இதழும் நித்தியகல்யாணியும் கிடந்தன. ஒன்று வாய்க்குள்ளும் இருந்தது. துப்பினேன்.

"நல்லா நடந்தனியோ?"

"ஓம். எல்லாரும் என்ரை சுருளைத்தான் பாத்தவை." அவள் முதுகைக் காட்டிக்கொண்டு என் கால்களுக்கு இடையில் வந்து இருந்தாள். "உந்த முடிச்சையும் அவிழ்த்து விடுங்கோ. இழுக்குது."

மிஞ்சிய முடிச்சைத் தடவினேன். வேர்வையில் நனைந்து இன்னும் இறுகியிருந்தது. நகத்தை வைத்துக் கண்ணை மூடினேன்.

"அப்பு, நித்திரை கொள்ளாதேங்கோ."

"இல்லையடி பிள்ளை," என்றேன்.