அந்த உச்சத்தில் பாடியவன் நானல்ல

நான் திருடியது ஒரு குரலை. ஒரே ஒரு சொல்லின் நீளமே உள்ள குரலை.

நீங்கள் அந்தக் கசெட்டைக் கேட்டிருக்கலாம். அதன் கடைசிப் பாட்டில், கிட்டார்கள் எல்லாம் சட்டென அடங்கிய பின், ‘மலையே’ என்று ஒரு குரல் தனியே மேலெழும்புமே... அதற்காகத்தானே தெருவில் என்னை நிறுத்திக் கைகுலுக்கினீர்கள்? அது என் குரல் அன்று!

இருபது வருடங்களாக ஹோட்டல்களில் ஆங்கில ரொக் பாடல்களைப் பாடி வந்தவன் நான். என் குழுவினருக்கு அதுவே போதுமாயிருந்தது. எனக்குப் போதவில்லை. ஐம்பதை நெருங்கும்போது, குழுவைக் கலைக்காமலே, வேறு மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு, அந்தக் கசெட்டைப் பதிவுசெய்யக் கண்டிக்கு அருகே குண்டசாலையில் ஓர் அறை எடுத்தேன். எதிரொலி எழாதிருக்கச் சுவரெங்கும் முட்டை அட்டைகளை ஒட்டினோம். ஐந்து பாடல்கள் பிறருடையவை. மூன்று, தமிழில் நானே எழுதி மெட்டமைத்தவை.

ஒலிப்பதிவில் ஒரு வழக்கம் உண்டு. வாத்தியக்காரர்கள் பாட்டின் போக்கைப் பிடித்துக்கொள்வதற்காக வேறொருவர் முதலில் பாடிவைப்பார். பிறகு அதை அழித்துவிட்டு, உரிய பாடகர் பாடுவார். எனக்கு அப்படிப் பாடிவைத்தவர் சிவலிங்கம். ஹேவாஹெட்டவில் ஒரு தேயிலைத் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர். நகரசபைக்காக வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்ப்பவர். என்னைக் கேட்டுக் கேட்டே பாடப் பழகியவர். ஆகவே அவர் குரலில் என் சாயல் இருந்தது.

ஒலிப்பதிவின் முதல் நாள் அவர் ‘மலையே’ என்று குரலெழுப்பியபோது, டிரம்ஸ் அடித்தவர் குச்சிகளை மடியில் வைத்துவிட்டார். எப்படிச் சொல்வேன்... ஹந்தானையை மூடிய பனி விலகும்போது, இவ்வளவு பெரிய மலை இவ்வளவு நேரம் இங்கேயா இருந்தது என்று திகைப்போமே, அப்படி இருந்தது. சொல் என்னுடையது. மெட்டும் என்னுடையது. அதற்குள் என்ன இருந்தது என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது!

அவரோ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “ரொம்பத் தூக்கிட்டேனோ அண்ணே? எறக்கிப் பாடவா?” என்று கேட்டார்.

மூன்று நாட்கள் முயன்றேன். மற்ற வரிகளெல்லாம் வந்தன. அந்த ஒரு சொல்லில் குரல் உடைந்தது. மூன்றாம் நாள் ஒலிப்பதிவாளர், அந்த இடத்தில் மட்டும் பழையதை அழிக்காமல் விட்டுவிடவா என்று கேட்டார். தலையாட்டினேன். தலையை ஆட்டுவது எத்தனை எளிது!

கசெட் அட்டையில், பிறருடைய ஐந்து பாடல்களுக்கும் அவற்றை ஆக்கிய வெள்ளைக்காரர்களின் பெயர்களை எழுத்துப் பிசகாமல் அச்சிட்டேன். அவர்கள் அதை ஒருநாளும் பார்க்கப்போவதில்லை. சிவலிங்கத்தின் பெயரை... எங்கும் போடவில்லை.

பிலிமத்தலாவைக் கடைகளில்கூட அந்தப் பாட்டு ஒலிக்கத் தொடங்கியபோது அவர் என்னிடம் வந்தார். குறை சொல்ல அல்ல. அந்தச் சொல்லைப் பாடியது தான் என்பதை வீட்டில் யாரும் நம்பவில்லையாம். மனைவி சிரிக்கிறாராம். பெரிய மனிதருடைய பாட்டுக்கு உரிமை கொண்டாடாதே என்று தகப்பனார் ஏசினாராம்.

“அட்டையில எல்லாம் வேணாம் அண்ணே. அவங்ககிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

“கச்சேரிக்குக் கூட்டிட்டு வாங்க. மேடையிலயே சொல்றேன்” என்றேன். சொல்லத்தான் நினைத்தேன். நம்புவீர்களா?

கண்டியில் ஒரு மண்டபம், ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். பாட்டில் ‘மலையே’ என்ற இடம் வந்ததும் ஒலிவாங்கியைக் கூட்டத்தின் பக்கம் நீட்டிவிடுவது என் தந்திரம். அதையும் என் பெருந்தன்மை என்றே பேசிக்கொண்டார்கள். அன்றும் நீட்டினேன். கூட்டம் கத்திப் பார்த்தது, பாதியிலேயே சிதறியது. அப்போது பின்வரிசையிலிருந்து அந்தக் குரல் எழுந்தது... ஒலிவாங்கி இல்லாமல்!

மண்டபமே திரும்பிப் பார்த்தது. சிவலிங்கத்துக்கு இருபுறமும் அமர்ந்திருந்த முதியவரும் பெண்ணும் அவரை அண்ணாந்து பார்த்தார்கள். அவர் பாடி முடித்துவிட்டு, நின்றபடியே என்னைப் பார்த்தார். நான் பேசவேண்டிய நேரம் அது.

நான் ஒலிவாங்கியை என் பக்கம் திருப்பினேன். “அட, அசல் என்னைய மாதிரியே பாடுறாரே” என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். முதியவரும் சிரித்தார். அந்தப் பெண் கணவரின் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். சிவலிங்கம் மற்றவர்களோடு சேர்ந்து கைதட்டினார்... எனக்காக!

அதன் பின் அவர் வரவில்லை. எங்கள் வீட்டு மீட்டரைப் பார்க்கவும் வேறொருவர்தான் வந்தார்.

எண்பதைக் கடந்துவிட்டேன். இப்போதும் அந்தப் பாட்டைப் போட்டுக் கேட்கிறேன். அந்தச் சொல் வருமுன் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். ஒவ்வொரு முறையும் பனி விலகுகிறது, மலை தெரிகிறது. அதன் அடியில் நான் எவ்வளவு சிறியவன்!

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? சிவலிங்கம் என்பது அவருடைய பெயரன்று. உண்மைப் பெயரை இந்தத் தாளில் இரண்டு முறை எழுதினேன்.

இரண்டு முறையும் அடித்துவிட்டேன்.